12-க்கு 16 அடிக் கூடம்: பெரிய டவர் ஸ்பீக்கரா, நடுத்தர ஸ்பீக்கரோடு சப்வூஃபரா?

பெசன்ட்நகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மகள் திருமணம் முடிந்துவிட்டது. இனி மனதுக்குப் பிடித்த ஒலியமைப்பு ஒன்றை வீட்டில் நிறுவலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஸ்பீக்கருக்கு மட்டும் 25 லட்சம் வரை ஒதுக்கியிருக்கிறேன். மீண்டும் மாற்றும் எண்ணம் இல்லை. ஆகவே ஆற அமர யோசித்து வாங்க விரும்புகிறேன்.

கூடம் 12-க்கு 16 அடி, உயரம் 10 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், தரையில் டைல்ஸ். 12 அடிச் சுவர் ஒன்றில் பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு. ஸ்பீக்கர்களை 16 அடிச் சுவர்ப் பக்கம்தான் வைக்க முடியும்; எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. சோபாவைச் சற்று முன்னால் இழுக்க வீட்டில் சம்மதம் கிடைத்திருக்கிறது, ஆனால் நட்டநடுவில் போட முடியாது. ஆம்ப்ளிஃபயர் 40 வாட் வால்வ். அதை விட்டுப் பிரிய மாட்டேன்.

நான் கேட்பதில் பாதிக்கு மேல் கர்நாடக சங்கீதம், அதிலும் பழைய கச்சேரிப் பதிவுகள். அடுத்து 80களின் இளையராஜா, இசைத்தட்டில். கொஞ்சம் பியானோ, செல்லோ.

நகரின் கடைக்காரர் ஒருவர், "ஹெர்ட்ஸ் 25 வரை இறங்க வேண்டுமானால் மூன்று ஊஃபர் (தாழ் சுருதிக்கான கூம்பு) வைத்த டவர்தான், வேறு பேச்சே இல்லை" என்கிறார். அவருடைய அறையில் கேட்டபோது உடல் சிலிர்த்தது உண்மை. ஆனால் அந்த அறை என் கூடத்தைப்போல மூன்று மடங்கு. என்ன செய்யலாம்?

ராஜகோபுரம் எழுதியது:

சார், வாழ்நாளுக்கு ஒரு ஸ்பீக்கர் என்றால் முழு அலைவரிசை தரும் பெரிய ஸ்பீக்கரையே வாங்குங்கள். நான் அப்படித்தான் வாழ்கிறேன், ஒருநாளும் வருந்தியதில்லை.

பெரிய ஸ்பீக்கர் என்றால் குறைந்த சுருதி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கூம்பின் பரப்பு கூடக் கூட, அதே சத்தத்துக்கு அது முன்பின் நகர வேண்டிய தூரம் குறைகிறது. நகர்வு குறைந்தால் திரிபும் குறையும். தவிலில் ஓங்கி ஓர் அடி விழும்போது சிறிய ஸ்பீக்கர் தன் எல்லையைத் தொட்டு இறுகுவது காதுக்குத் தெரியும். பெரியதில் அந்த இறுக்கமே இருக்காது. குறைந்த சத்தத்தில் கேட்டாலும் அந்த நிதானம் தெரியும்.

இன்னொன்று. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்டவர்களின் விருப்பத்தை அளவீடுகளிலிருந்து கணித்தபோது, பேஸ், அதாவது தாழ் சுருதி ஒலி, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதற்கு ஏறக்குறைய 30 சதவீத எடை கிடைத்தது. "குரல் நன்றாக இருந்தால் போதும், பேஸ் எதற்கு?" என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். அதை அரைகுறையாகக் கேட்பதற்கா 25 லட்சம்?

அளவுகோல் எழுதியது:

ராஜகோபுரம் சொன்ன ஆய்வு சரி, கூம்பின் பரப்பு பற்றிச் சொன்னதும் சரி. எனக்கு வேறுபாடு அடுத்த படியில்தான் வருகிறது. பேஸ் முக்கியம் என்பதாலேயே அதை அறையின் கையில் விட்டுவிடக் கூடாது.

உங்கள் கூடத்துக்கு எளிய கணக்கு ஒன்று. ஒலி வினாடிக்கு சுமார் 345 மீட்டர் போகிறது. எதிரெதிரான இரு சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் இருமடங்கால் அதை வகுத்தால் அந்தச் சுவர்கள் எந்த அதிர்வெண்ணில் கூடி ஒலிக்கும் என்பது கிடைக்கும். 16 அடிக்கு ஏறக்குறைய 35 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, உயரத்துக்கு 56 அல்லது 57. இவற்றின் மடங்குகளும் உண்டு.

இவற்றில் 35 உங்களை அதிகம் தொந்தரவு செய்யாது. இரண்டு ஸ்பீக்கர்களையும் 16 அடியில் இடமும் வலமும் சமதூரத்தில் வைத்தால், இருபக்கமும் ஒரே மாதிரி வரும் பேஸ் அந்த அதிர்வை ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளும். நீங்கள் நடுவில் உட்கார்ந்தால் அதன் சுழி, அதாவது அந்த அதிர்வு கேட்காத இடம், உங்கள் இடத்திலேயே விழும்.

வில்லன் 47. அது ஸ்பீக்கர் சுவருக்கும் சோபா சுவருக்கும் இடையில் ஓடுகிறது. அழுத்தம் உச்சத்தில் இருப்பது சுவரை ஒட்டித்தான்: ஸ்பீக்கர் ஒரு சுவரருகே, உங்கள் தலை மறு சுவரருகே. அதாவது அந்த அதிர்வைத் தூண்ட மிகச் சிறந்த இடத்தில் ஸ்பீக்கரும், அதைக் கேட்க மிக மோசமான இடத்தில் நீங்களும். அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைச் சுவர் கொஞ்சம் அதிர்ந்து பேஸின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவர் எதையும் விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். அங்கே எழுதப்படும் விமர்சனத்தில் "பேஸ் கச்சிதம்" என்று படித்துவிட்டு வாங்கி, இங்கே வீடு முழுக்கக் குமுறலைக் கேட்பவர்கள் பலர்.

இந்த 47 உங்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து என்றால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய கச்சேரிப் பதிவுகளில் மேடை ஒலியமைப்பிலிருந்தோ டேப் கருவியிலிருந்தோ மின்னிரைச்சல் ஏறியிருக்கும், 50-லும் 100-லும். சிறிய ஸ்பீக்கரில் அந்த 50 கேட்காது. 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் டவர் அதைத் தெளிவாக எடுத்துக் கொடுக்கும், கூடம் அதைத் தூக்கியும் கொடுக்கும். ஆலாபனைக்கு அடியில் கச்சேரி முழுவதும் ஒரு உறுமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இசைத்தட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சற்றே வளைந்த தட்டு சுழலும்போது 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே அசைவு உண்டாகிறது. காற்றுத்துளை வைத்த ஸ்பீக்கரில், துளையின் இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் கூம்பைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் எதுவும் இல்லை. முன்வலையைக் கழற்றிப் பார்த்தால் ஊஃபர் முன்னும் பின்னும் துழாவுவது கண்ணுக்கே தெரியும். பாட்டுக்குச் சேர வேண்டிய சக்தி அதில் வீணாகிறது. உங்கள் 40 வாட்டில் அந்த இழப்பு பெரிது.

மிருதங்கக்காரர் எழுதியது:

நான் பொறியியல் படித்தவன் அல்லன். கச்சேரியில் வாசிக்கிறேன், வீட்டில் கேட்கிறேன். ஐயா கேட்கும் இசைக்கு எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பதை அந்த இசையிலிருந்தே பார்க்கலாம்.

ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவரின் மத்திய ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, 65. எம். டி. ராமநாதன்போல மந்தர ஸ்தாயியில் ஆழ்ந்து பாடியவர்களுக்கும் ஏறக்குறைய அந்த எல்லைக்குள்தான் எல்லாம். பெண் பாடகர்கள் ஐந்து கட்டை என்றால் ஸட்ஜமே 196. செல்லோவின் கடைசித் தந்தியும் அதே 65-தான். இளையராஜா பாட்டில் பேஸ் கிதாரின் திறந்த கடைசித் தந்தி 41. ஆகவே 40 வரை தெளிவாக வந்தால் ஐயாவின் இசையில் ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது, பியானோவின் கடைசிச் சில கட்டைகளைத் தவிர.

கடையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், தொப்பியை, அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலை, கவனியுங்கள் என்பேன். கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்துத் தொப்பியின் நடுவில் ஒட்டுகிறோம். ஈரம் இருக்கும்வரை நாதம் கனமாக, உருண்டையாக இருக்கும். காயக் காய அது மேலே ஏறி வறண்டுபோகும், நாங்கள் தண்ணீர் தொட்டுச் சரிசெய்வோம். நல்ல ஸ்பீக்கரில், தனி ஆவர்த்தனத்துக்கு முன்னும் பின்னும் தொப்பியின் நாதத்தில் இந்த வேறுபாடு கேட்கும். கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டு தோலை அழுத்தி நகர, நாதம் வளைந்து மேலேறும். அந்த வளைவு முழுவதும் ஒரே கனத்தில் வர வேண்டும். அறை எங்கோ ஓரிடத்தில் தூக்கினால், வளைவின் நடுவே ஒரு ஸ்வரம் மட்டும் 'பூம்' என்று வீங்கும். அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல். நடுவிலுள்ள கரணை என்ற கறுப்புப் பூச்சுதான் அதற்குச் சுருதி தருகிறது. சி. வி. ராமன் 1920-லேயே இதை ஆராய்ந்து, கரணையின் பாரத்தால்தான் தோலின் மேல் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன என்று காட்டினார். அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. 'நம்', 'தின்' இரண்டும் தனித்தனியாக, இரண்டும் சுருதியோடு, கேட்க வேண்டும். வெறும் 'டக்' என்று கேட்டால் அந்த ஸ்பீக்கரின் நடுப்பகுதியில் கோளாறு.

கடைசியாகத் தம்புரா. குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகிய ஜீவாளி நூலால் பிறக்கும் அந்த ரீங்காரம் மேலிருந்து கீழ்வரை இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். ஊஃபரிலிருந்து உயர்சுருதி தரும் ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் இடம் சரியில்லை என்றால், ரீங்காரத்தில் ஒரு பட்டை மட்டும் பிரிந்து மேலே தொங்கும். கூச்சப்படாமல் தம்புராவை மட்டும் ஐந்து நிமிடம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஒற்றைக்கூம்பு எழுதியது:

மிருதங்கக்காரர் சொன்ன அந்தக் கைமாறும் இடமே இல்லாத ஸ்பீக்கர் ஒன்று உண்டே! ஒரே யூனிட், நடுவில் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் கிடையாது. பால் வாய்க்ட் என்ற வடிவமைப்பாளர் காலத்திலிருந்து லோதர் நிறுவனம் வழியாக வரும் மரபு. பெரிய காகிதக் கூம்பின் நடுவில் சிறு கூம்பு. நான் 8 அங்குல யூனிட்டை, கூம்பின் பின்பக்க ஒலியைக் கொம்பு வழியாக வெளியே விடும் பின்ஹார்ன் பெட்டியில் வைத்து 8 வாட் வால்வ் ஆம்ப்பில் கேட்கிறேன். பாடகர் மூச்சு வாங்கும் இடம், வாயைத் திறக்குமுன் உதடு பிரியும் ஓசை, எல்லாம் நேரில் உட்கார்ந்து கேட்பதைப்போல வரும். வால்வ் ஆம்ப்பை விட மாட்டேன் என்பவர் இதைக் கேட்காமல் வேறு எதையும் வாங்கக் கூடாது. 40 வாட் இதற்கு ஏராளம்.

தாழ் சுருதியில் இதன் எல்லை 50 ஹெர்ட்ஸ் சுற்றி. குரலுக்கும் வயலினுக்கும் அது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை.

அளவுகோல் எழுதியது:

குரலில் உங்கள் ஸ்பீக்கரின் உயிர்ப்பை நானும் கேட்டு ரசித்திருக்கிறேன். ஒன்றைச் சொல்ல வேண்டும். 8 அங்குலக் கூம்பின் விட்டத்துக்கு ஒலியின் அலைநீளம் சமமாகும் 2000 ஹெர்ட்ஸ் வாக்கில் அதன் ஒலி டார்ச் வெளிச்சம்போலக் குறுகத் தொடங்கும். நேரே உட்கார்பவருக்கு ஒரு ஒலி, பக்கத்தில் இருப்பவருக்கு வேறு ஒலி, சுவரில் பட்டுத் திரும்புவது இன்னொரு ஒலி. ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் இருந்தபோது செய்து 1986-ல் வெளியிட்ட ஆய்வுகள் இதில் தெளிவானவை. நேரே சமமாகவும், பக்கவாட்டில் சீராகக் குறைந்துகொண்டும் போகும் ஸ்பீக்கரையே மறைத்துவைத்துக் கேட்டவர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். ஐயா தனியாகக் கேட்கப்போவதில்லை, குடும்பமும் சோபாவில் இருக்கும்.

பெசன்ட்நகர்வாசி எழுதியது:

மிக்க நன்றி. மிருதங்கக்காரர் சொன்னதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்த் தம்புராவை மட்டும் போடச் சொன்னேன். டவரில் ரீங்காரம் ஒன்றுபட்டுத்தான் வந்தது. ஆனால் நாற்காலியை என் வீட்டுத் தூரத்துக்கு, ஏறக்குறைய 7 அடிக்கு, நகர்த்திக் கேட்டபோது அது இரண்டாகப் பிரிந்தது. கீழே கனம் தரையருகில், ரீங்காரம் காதுக்கு மேலே. பின்னால் போனால் மீண்டும் சேர்ந்துகொண்டது. இது ஏன்?

மனைவிக்கு ஒரு கவலை. கீழ்த்தளத்தில் வயதான தம்பதி இருக்கிறார்கள். பேஸ் அவர்களைத் தொந்தரவு செய்யுமா என்று கேட்கிறாள். இரவில்தான் பெரும்பாலும் கேட்கிறேன், மெல்லிய சத்தத்தில்.

சிராங்கூன் கேட்பவர் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன் ஐயா. இங்கே அடுக்குமாடி வீடுகள் எல்லாம் கான்கிரீட், கூடமும் உங்களுடையதைவிடச் சிறியது. கோல்மன் தெருவில் அடெல்ஃபி என்ற கட்டடத்தில் ஒலியமைப்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மாடி மாடியாக ஏறி ஒரே மாலையில் பல ஸ்பீக்கர்களைக் கேட்கலாம். சிங்கப்பூர் வரும் வாய்ப்பு இருந்தால் உங்கள் பதிவுகளோடு வாருங்கள். சிறிய அறைகளில் கேட்பதால் வீட்டில் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

7 அடியில் பிரிந்ததற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை இது. டவரில் ட்வீட்டருக்கும் கடைசி ஊஃபருக்கும் இடையில் 3 அடி இருக்கும். அவை ஒன்றாகக் கலக்கத் தூரம் வேண்டும். பெரிய டவர்களுக்கு 10 அடியாவது வேண்டும் என்பது என் காது சொல்வது. உங்கள் 12 அடி அகலத்தில் அது கிடைக்காது. அதனால்தான் ஒரே அச்சில் எல்லாம் பிறக்கும் ஸ்பீக்கர்களை நான் நாடினேன். டனாய் 1947-லிருந்து டூயல் கான்சென்ட்ரிக் யூனிட் செய்கிறது, ஊஃபரின் நடுத்தொண்டையிலிருந்தே உயர்சுருதி வருகிறது. கெஃப் நிறுவனத்தின் யூனி-க்யூ 1988-ல் வந்தது, அதிலும் ட்வீட்டர் கூம்பின் மையத்தில். அருகில் உட்கார்ந்தாலும் ஒலி பிரியாது.

அக்கம்பக்கம் பற்றி அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். கம்பளமோ திரைச்சீலையோ அதை நிறுத்தாது, கான்கிரீட் தளத்தின் வழியாகவே இறங்கும். சத்தத்தைக் குறைப்பதுதான் வழி. ஆனால் சத்தம் குறையும்போது காதுக்குப் பேஸ் மற்றவற்றைவிட அதிகமாகத் தேய்ந்துபோகும். பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைந்து காட்டியது இதைத்தான். இரவுக்குப் பேஸைத் தனியாகக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும் வசதி இருந்தால், மொத்தச் சத்தம் குறைவாகவே இருக்கும்போதும் பாட்டு நிறைவாக இருக்கும். டவரில் பொதுவாக அந்த வசதி இல்லை, பேஸை மட்டும் தரும் தனிப்பெட்டியான சப்வூஃபரில் உண்டு.

ராஜகோபுரம் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து ஐயாவைச் சிறியதை நோக்கித் தள்ளுகிறீர்கள். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சப்வூஃபரைச் சேர்ப்பது சொல்வதற்கு எளிது. முக்கிய ஸ்பீக்கரோடு அது ஒரே நேரத்தில், ஒரே குணத்தில் பேச வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது தனியாகத் தெரிகிறது: பாட்டு ஒரு பக்கம், மூலையில் ஒரு இடி. நல்ல டவரில் இந்தச் சேர்க்கையை அதை வடிவமைத்தவர், அளவீட்டுக் கருவிகளோடு, ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். அந்த உழைப்பைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். பி அண்டு டபிள்யூ நிறுவனத்தின் 801 ஸ்பீக்கர் முதன்முதலில் 1979-ல் வந்து, ஒலிப்பதிவுக் கூடங்களில் அளவுகோலாக நின்றது சும்மா இல்லை.

அறையின் 47 ஹெர்ட்ஸை, குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் வெட்டிவிடலாம். 7 அடி தூரம் என்பதுதான் எனக்கும் கவலை தருகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். இதே கேள்வியை 20 அடிக் கூடத்தோடு ஒருவர் கேட்டிருந்தால் என் பதிலை ஓர் எழுத்தும் மாற்றியிருக்க மாட்டேன்.

கோவை மின்தகடு எழுதியது:

ஸ்பீக்கர் என்றால் பெட்டிதான் என்ற எண்ணத்தை விட்டும் ஒருமுறை கேளுங்கள். குவாட் நிறுவனம் 1957-ல் கொண்டுவந்த மின்நிலைத் தகட்டு ஸ்பீக்கரில் வயலினைக் கேட்டவர் மறக்க மாட்டார். முன்னும் பின்னும் ஒலித்து, பக்கவாட்டில் ஏறக்குறைய மௌனமாக இருப்பதால் பக்கச் சுவர்களின் தொந்தரவும் குறைவு. ஆனால் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் தாராளமாக இடம் வேண்டும், தூசியும் கடற்காற்றின் ஈரமும் உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு ஆகாது. பெசன்ட் நகரில் அதைக் காப்பாற்றுவது கடினம்.

அதே காற்றுக்காக இன்னொன்று: எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் கூம்பின் விளிம்பு வளையம் ரப்பரா, துணியா, நுரையா என்று பாருங்கள். நுரை வளையம் காலப்போக்கில் உதிர்ந்துவிடும், நம் வெப்பத்திலும் ஈரத்திலும் இன்னும் விரைவாக.

அளவுகோல் எழுதியது:

ராஜகோபுரத்தின் கேள்விக்கு நேரான பதில் தர வேண்டும், ஏனென்றால் சப்வூஃபரைக் கண்டபடி வைத்தால் அவர் சொன்னதுதான் நடக்கும்.

ஈக்வலைசர் உச்சத்தை வெட்டும், உண்மை. சுழியை நிரப்பாது. ஓர் இடத்தில் சரிசெய்தால் பக்கத்து இருக்கையில் வேறாக இருக்கும். அதைவிட, 47-ஐத் தூண்டாத இடத்திலிருந்து பேஸைக் கொடுப்பதே மேல். டவரில் பேஸ் பிறக்கும் இடமும் குரல் பிறக்கும் இடமும் ஒன்று. குரலுக்கு நல்ல இடத்தில் நிறுத்தினால் பேஸுக்கு அது நல்ல இடமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஹார்மனில் டாட் வெல்டி செவ்வக அறைகளில் பல சப்வூஃபர்களை வைத்துக் கணக்கிட்டுக் காட்டிய அமைப்புகளில் மிக எளிமையானது: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று. உங்கள் கூடத்தில் ஒன்று டிவி அலமாரியின் கீழே, ஸ்பீக்கர்களுக்கு நடுவில். மற்றொன்று சோபாவுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில். இரண்டும் ஒரே சமயத்தில் தள்ளும்போது 47 ஹெர்ட்ஸில் ஒன்று கூட்டுவதை மற்றொன்று கழிக்கும். இரண்டுமே 16 அடியின் நட்டநடுவில் இருப்பதால் 35 ஹெர்ட்ஸையும் தூண்டாது. துளையில்லாத அடைத்த பெட்டியாக வாங்குங்கள். தாழ் சுருதியில் ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 12 டெசிபல் என்று மெதுவாகச் சரியும், சிறு அறை தரும் இயல்பான ஏற்றம் அதை ஈடுகட்டும். துளைப்பெட்டி 24 டெசிபலில் செங்குத்தாக விழுவது.

முக்கிய ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே வடிகட்டிவிடுங்கள். இதை விட்டால் முக்கிய ஸ்பீக்கரே 47-ஐத் தூண்டிக்கொண்டிருக்கும். உங்கள் வால்வ் ஆம்ப்புக்கும் இது பெரிய நிம்மதி. வளைந்த தட்டின் அசைவு அதைத் தொடவே தொடாது.

சக்திக் கணக்கு: 40 வாட் என்பது ஒரு வாட்டுக்கு மேல் 16 டெசிபல். 86 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் தரும் சத்தம்) கொண்ட ஸ்பீக்கரில் 7 அடி தூரத்துக்கு ஆறரை கழித்து, இரண்டு ஸ்பீக்கருக்கு 3 கூட்டினால் 98 சொச்சம். 93 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 105. நாகஸ்வரக் கச்சேரிப் பதிவில் தவிலின் உச்சங்களுக்கு அந்த 7 டெசிபல் இடைவெளி தேவை. வால்வ் ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பதால் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் ஸ்பீக்கரின் மின்தடை வளைவு மேடு பள்ளமாக இருந்தால் அந்த மேடுபள்ளம் ஒலியிலும் வரும். "8 ஓம்" என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், 3 ஓம் வரை விழும் ஸ்பீக்கர்கள் அதே அட்டையோடுதான் வருகின்றன. வளைவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆகவே என் பரிந்துரை: 10 அங்குல டூயல் கான்சென்ட்ரிக் உள்ள டனாய், 93 டெசிபல் அளவிலானது. மிஞ்சும் பணத்தில் இரண்டு அடைத்த சப்வூஃபர். அதற்கும் மிஞ்சுவதில் தரைக்குத் தடித்த ஜமுக்காளம், பக்கச் சுவரில் புத்தக அலமாரி. 25 லட்சத்தையும் செலவழித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மிருதங்கக்காரர் எழுதியது:

சோபாவை எவ்வளவு முன்னால் இழுக்கலாம் என்று சொல்லவில்லையே?

அளவுகோல் எழுதியது:

2 அடி இழுத்தால் 47-ல் ஒன்றேகால் டெசிபல் குறையும், 3 அடி இழுத்தால் 3 டெசிபல். இரண்டாவது சப்வூஃபரை வைக்கவும் இடம் கிடைக்கும்.

பெசன்ட்நகர்வாசி எழுதியது:

முடிவெடுத்துவிட்டேன். வேறொரு விற்பனையாளர் 10 அங்குல டனாயையும் ஓர் அடைத்த சப்வூஃபரையும் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக் கேட்க அனுமதித்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

முதலில் சப்வூஃபர் இல்லாமல், வடிகட்டியும் இல்லாமல், சோபாவைச் சுவரோடு ஒட்டியே வைத்துப் பழைய பதிவு ஒன்றைப் போட்டேன். மின்னிரைச்சல் அளவுகோல் சொன்னபடியே அடியில் உறுமியது. சோபாவை 2 அடி இழுத்து, வடிகட்டியைப் போட்டு, சப்வூஃபரை நடுவில் வைத்ததும் வெகுவாக அடங்கியது, முழுவதுமாக அல்ல. கும்கி வளைவு ஏறக்குறைய ஒரே கனத்தில் வருகிறது. நடுவே ஓரிடம் மட்டும் இன்னும் லேசாக வீங்குகிறது. தம்புரா 7 அடியில் பிரியவே இல்லை. மனைவி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இங்கேயும் பாடுபவர் நடுவில்தான் இருக்கிறார்" என்றாள். கீழ்வீட்டுப் பெரியவரை மேலே அழைத்து இரவில் கேட்கும் அளவைக் காட்டினேன், அவர் வீட்டில் அது கேட்கவில்லையாம்.

ராஜகோபுரம் சார், உங்கள் பதிவைப் படித்த பிறகே சப்வூஃபர் தனியாகத் தெரியக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். மிக்க நன்றி. டனாயையும் முதல் சப்வூஃபரையும் வாங்கிக்கொண்டேன். இரண்டாவதை உடனே வாங்கலாமா?

ராஜகோபுரம் எழுதியது:

வாழ்த்துகள் சார். உங்கள் கூடத்துக்கு நல்ல தேர்வு. மூன்று ஊஃபர் டவரை 7 அடியில் வைத்துக் கேட்கும்படி நானும் சொல்ல மாட்டேன். பெரிய வீட்டுக்கு மாறும்போது மறுபடி பேசுவோம்.

அளவுகோல் எழுதியது:

வாங்குமுன் அளந்து பாருங்கள். ரூம் ஈக்யூ விஸார்ட் அறையின் ஒலியை அளக்கும் இலவச மென்பொருள், யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கைக் கணினியில் செருகினால் போதும். மைக்கைக் காது உயரத்தில், நீங்கள் உட்காரும் இடத்தில் நிறுத்தி 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஓட்டுங்கள். பிறகு அதே சப்வூஃபரைச் சோபாவுக்குப் பின்னால், 16 அடிச் சுவரின் நட்டநடுவில் வைத்து இன்னொரு முறை. கண்ணாடிக் கதவு ஒருமுறை திறந்தும் ஒருமுறை மூடியும் இருக்கட்டும், பேஸ் அதன் வழியாகக் கசியும். இரண்டு நிலைகளிலும் 47-க்கு அருகே மேடு எவ்வளவு உயர்கிறது என்று பார்த்து வரைபடத்தை இங்கே போடுங்கள். மேடு 6 டெசிபலுக்கு மேல் இருந்தால் இரண்டாவதை வாங்கிவிடலாம். குறைவாக இருந்தால் அந்தப் பணத்தில் இசைத்தட்டு வாங்குங்கள்.